கருப்பொருள் மாறலாம், உரிப்பொருள்?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே, டிஸ்னி நிறுவனத்தின் 'அனிமல் கிங்டம்' என்னும் பூங்கா இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 28 ஆண்டுகள் ஓடிய 'டைனோசர்' என்ற சவாரி 2026 பிப்ரவரித் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதே இடத்தில் இண்டியானா ஜோன்ஸ் என்ற திரைப்பட நாயகனின் சாகசம் 2027இல் வரவிருக்கிறது. இந்த மாற்றம் 2024 ஆகஸ்டில் உறுதியாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அப்பூங்காவின் ரசிகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து வழக்காடி வருகின்றனர். டைனோசரை அகற்றியது பண்பாட்டுக் கொலை என்கிறது ஒரு கட்சி. தூசி படிந்த பழைய பொம்மைகளுக்கு இவ்வளவு கண்ணீரா என்கிறது மற்றொன்று.

இலக்கியம் பேசும் இடத்தில் குழந்தைகள் ஏறி இறங்கும் ஒரு வண்டிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெங்களூர் வழியாக அமெரிக்கா அண்டை வீடாகிவிட்டது; கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் இச்செய்தியை வேப்பனப்பள்ளித் திண்ணை வரைக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். அது சிறிய காரணம். பெரிய காரணம் வேறு. இவ்விரு கட்சியாரும் தம்மை அறியாமலே நம் பொருளிலக்கணத்தின் பழைய கேள்வி ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓரிடத்தின் விலங்கையும் மரத்தையும் தெய்வத்தையும் மாற்றினால், அந்த இடம் நம்முள் எழுப்பும் உணர்வும் மாறுமா, மாறாதா?

'தீம் பார்க்' என்பதற்குக் 'கருப்பொருள் பூங்கா' என்று தமிழில் யாரோ பெயர் வைத்தார்கள். வைத்தவர் தொல்காப்பியத்தை நினைத்து வைத்தாரா என்பது இருக்கட்டும், பெயர் பொருந்திவிட்டது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியர் எண்ணும் கருப்பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு இத்தகைய பூங்கா ஒன்றின் வாயிலில் நின்றால் வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டே போகலாம். 'டைனோலேண்ட்' எனப்பட்ட அப்பகுதியில் நட்டிருந்தவை சைக்காடுகளும் பெரணிகளும், அதாவது பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முந்தைய உலகத்தின் பச்சை. உணவு விடுதியின் பெயர் 'ரெஸ்டாரன்டோசாரஸ்'. தொழில், எலும்பு தோண்டுதல். குழந்தைகள் மணலைக் கிளறிப் பொய்யெலும்பு எடுக்க ஒரு குழியே வைத்திருந்தார்கள். ஐந்திணைக்கு உரை எழுதிய பழைய ஆசிரியர்கள் பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அங்கே எல்லாமே பொய்யாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990இல் தெற்கு டகோட்டாவில் கிடைத்த 'சூ' என்ற டைரனோசாரஸ் எலும்புக்கூட்டை 1997இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் 83 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. அதற்குப் பணம் உதவியவர்களுள் டிஸ்னியும் ஒருவர். அவ்வெலும்புகளில் ஒரு பகுதி இந்தப் பூங்காவில்தான், வருகிறவர்கள் கண்ணெதிரே, மண் நீக்கித் தூய்மை செய்யப்பட்டது. பின்னர் சூவின் வார்ப்பு நகல் ஒன்றும் அங்கே நிறுத்தப்பட்டது. கேளிக்கைக்கு வந்த குழந்தை ஓர் ஆய்வாளரின் கை வேலை செய்வதைப் பார்த்தது. காசு கொடுத்தாலும் பல இடங்களில் கிடைக்காத காட்சி அது.

பூங்கா திறக்கப்பட்டது 1998 ஏப்ரல் 22, புவி நாள். உயிரோடிருக்கும் விலங்குகள், அழிந்துபோன விலங்குகள், கற்பனை விலங்குகள் என மூவகைக்கும் அங்கே இடம் என்பதே வடிவமைத்தவர்களின் எண்ணம். கற்பனை விலங்குகளுக்கான பகுதி கட்டப்படவே இல்லை; அந்த நிலத்தில் 2017இல் 'அவதார்' திரைப்படத்தின் பண்டோரா எழுந்தது. இப்போது அழிந்துபோன விலங்குகளின் பகுதியும் போய்விட்டது. ஆகவே ரசிகர்களின் வருத்தத்தை ஒரு வண்டிக்கான வருத்தம் என்று மட்டும் கொள்ள முடியாது. மூன்று கால்களில் நிற்க வேண்டியிருந்த முக்காலிக்கு ஒரு கால் முதலிலிருந்தே இல்லை. இப்போது இரண்டாவது காலையும் எடுத்திருக்கிறார்கள்.

சவாரியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். டைனோசர் ஆய்வு நிறுவனம் ஒன்று காலத்தில் பின்னோக்கிச் செல்லும் வண்டியைக் கண்டுபிடித்திருக்கிறது. பார்வையாளர்களை அமைதியான ஒரு காலத்துக்குக் கூட்டிச்சென்று திரும்புவதுதான் திட்டம். ஆனால் அங்கிருக்கும் ஓர் அறிவியலாளர், விண்கல் விழுந்து அவ்வுலகம் அழியப்போகும் கடைசி நிமிடங்களுக்கு வண்டியைத் திருட்டுத்தனமாகத் திருப்பிவிடுகிறார். அழிவுக்கு முன் ஓர் இகுவனோடானையாவது மீட்டு இக்காலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. இருட்டில் கார்னோடாரஸ் என்ற கொம்புள்ள கொன்றுண்ணி வண்டியைத் துரத்துகிறது. மேலே வானம் எரிகிறது. எப்படியோ தப்பித்து வருகிறார்கள்; இகுவனோடானும் கூடவே வந்துவிடுகிறது.

இனி வழக்குக்கு வருவோம். மாற்றத்தை ஆதரிக்கும் கட்சியின் வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. முதல் வாதம், இந்தச் சவாரியின் வண்டியும் தடமும் ஏற்கெனவே இண்டியானா ஜோன்ஸுக்காக உருவானவை என்பது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1995இல் திறந்த இண்டியானா ஜோன்ஸ் சவாரியின் அதே தொழில்நுட்பத்தைத்தான் மூன்றாண்டு கழித்து ஃபுளோரிடாவில் டைனோசருக்குப் பயன்படுத்தினார்கள். வாடகைக்கு வந்தவர் போகிறார், வீட்டுக்காரர் வருகிறார், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது வாதம், பழைய சவாரியே தன் பழைய வடிவத்தில் இல்லை என்பது. 1998இல் அதன் பெயர் 'அழிவுக்கான எண்ணிக்கை' என்று பொருள்படும் ஒன்று. 2000இல் டிஸ்னியின் 'டைனோசர்' திரைப்படம் வந்தபோது அதற்கு விளம்பரமாகப் பெயரை மாற்றினார்கள். இன்று தூய்மை பேசுவோர் காக்க நினைப்பதும் ஒரு திரைப்படத்துக்காகத் திருத்தப்பட்ட பாடம்தான். பாடபேதம் பார்த்துப் பழகிய நமக்கு இது நன்றாகவே விளங்கும்.

மூன்றாவது வாதம் அறிவியலைப் பற்றியது. இகுவனோடான் வாழ்ந்தது ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன். விண்கல் விழுந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். விண்கல்லுக்கும் நமக்கும் இடையே எவ்வளவு காலமோ, கிட்டத்தட்ட அவ்வளவு காலம் இகுவனோடானுக்கும் விண்கல்லுக்கும் இடையே கிடக்கிறது. அந்த அறிவியலாளர் மீட்கப்போன விலங்கு அவர் போன காலத்தில் இருந்திருக்கவே முடியாது. அறிவியலின் கோயிலை இடித்துவிட்டார்கள் என்று புலம்புவோர் கோயிலுக்குள் இருந்த இந்தப் பிழையையும் எண்ணிப் பார்க்கலாமே என்கிறது எதிர்க்கட்சி.

மூன்று வாதங்களும் உண்மையே. ஆனாலும் அவை மூன்றும் கருப்பொருளோடு நின்றுவிடுகின்றன என்பதே நம் கருத்து. கருப்பொருள் தம்முள் மயங்கலாம் என்று தொல்காப்பியரே இடம் கொடுக்கிறார். முல்லையில் குறிஞ்சியின் பறவை வந்து உட்காரலாம். மருதத்தில் நெய்தலின் மரம் நிழல் தரலாம். அதனால் பாட்டு கெட்டுவிடாது. உரிப்பொருளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. இகுவனோடான் ஐந்தாறு கோடி ஆண்டு தள்ளி வந்து நின்றது கருப்பொருள் மயக்கம். அதை மன்னிக்கலாம், ஒரு சிரிப்போடு திருத்தவும் செய்யலாம். அச்சவாரியின் உரிப்பொருள் எது என்று கேட்டால்தான் வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

துரத்தலும் இருட்டும் குலுக்கலும் தருவது அச்சம். அது இண்டியானா ஜோன்ஸிலும் இருக்கும். புதிய சவாரி ஒரு மாயா கோயிலுக்குள், தொன்மங்களில் வரும் ஒரு விலங்கைத் தேடிப் போவதாக அமையும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆகவே மருட்கையும் இருக்கும். ஆனால் 'டைனோசர்' சவாரியில் இவ்விரண்டின் கீழே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த உலகம் இன்னும் சில நிமிடங்களில் இல்லாமல் போகும், இங்குள்ள அத்தனை உயிரிலும் ஒன்றை மட்டுமே கொண்டுபோக முடியும் என்ற எண்ணம் அது. மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களுள் ஒன்றாக இழவைச் சொல்கிறது. எட்டு வயதுக் குழந்தை ஒன்று, அலறிச் சிரித்து இறங்கிய பிறகு, வீடு திரும்பும் வழியில் "மத்த டைனோசரெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்குமானால், அந்தக் கேள்வியை எழுப்பியது கார்னோடாரஸின் பல் அல்ல. இழவு என்ற மெய்ப்பாடே அதை எழுப்பியது. புதிய கதையில் தேடல் இருக்கிறது, வீரம் இருக்கிறது. ஓர் இனம் முழுவதும் போய்விடும் என்ற துயரத்துக்கு அதில் இடமில்லை. ஆதலால் இதைக் கருப்பொருள் மாற்றம் என்பது போதாது, திணையே மாறியிருக்கிறது.

இப்படிச் சொல்வதால் எந்தப் பழைய சவாரியையும் தொடக்கூடாது என்று நாம் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். மாற்ற வேண்டியவை உண்டு. அதே நிறுவனத்தின் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' 1946இல் வந்த ஒரு திரைப்படத்தின் கதைமாந்தரைக் கொண்டிருந்தது. கறுப்பின மக்களின் அடிமை வாழ்வின் வடுவை இனிய பாட்டாக்கிக் காட்டுகிறது என்று கண்டிக்கப்பட்ட படம் அது. ஃபுளோரிடாவில் அச்சவாரியை 2023இல் மூடி, 2024இல் தியானா என்ற கறுப்பின இளவரசியின் கதையாகத் திறந்தார்கள். அருவியில் விழும் களிப்பு அப்படியே இருக்க, அதன் மேலிருந்த அவமதிப்பு மட்டும் நீங்கியது. ஹாலிவுட் யுனிவர்சல் பூங்காவில் 1996 முதல் ஓடிய 'ஜுராசிக் பார்க்' சவாரியை 2018இல் மூடி மறு ஆண்டு 'ஜுராசிக் வேர்ல்டு' என்று திறந்தார்கள். அங்கே டைனோசர் போய் டைனோசரே வந்தது. சட்டை மட்டும் புதிது. இவ்விரண்டையும் எதிர்க்க நமக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

ஆக, எது தகும், எது தகாது என்பதற்கு அளவுகோல் ஒன்று வேண்டும். அதற்கு ஆர்லாண்டோவிலிருந்து நம் மாவட்டத்துக்குத் திரும்பினால் போதும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பக்கங்களில் நடந்து பார்த்தவர்களுக்கு வேடியப்பனைத் தெரியும். ஊர்ப்புறத்தில், வேம்போ புளியோ நிழல் தர, எண்ணெய் பூசி மஞ்சள் தடவிய ஒரு கல் நிற்கும். பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள். கல்லைக் கூர்ந்து பார்த்தால் வில்லோ வாளோ ஏந்திய ஒரு வீரன் தெரிவான். சில கற்களில் எழுத்தும் இருக்கும்: இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், இன்ன ஊரில் ஆநிரை மீட்கும்போது பட்டவன் இவன் என்று. பல்லவர் காலத்து நடுகல் அது. ஊராருக்கோ அது வேடியப்பன் சாமி. வீரனின் பெயரையும் அவன் பட்ட பூசலையும் மறந்துவிட்டு, கல்லுக்கு வேறு கதை, வேறு பூசை, வேறு பெயர் கொடுத்துவிட்டார்கள். கருப்பொருள் மாற்றம் என்றால் இதைவிடப் பெரிய மாற்றம் ஏது?

ஆனால் அந்த மாற்றம்தான் கல்லைக் காப்பாற்றியது. சாமி என்பதால் யாரும் பெயர்த்து மாட்டுத்தொழுவத்துக்குப் படியாகப் போடவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையினர் ஊர் ஊராகச் சென்று படியெடுத்தபோது, எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் எழுத்து காத்திருந்தது. 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூல் வெளிவர முடிந்ததற்கு, அக்கற்களை இன்னவென்று அறியாமலே கும்பிட்டு வந்த மக்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். இங்கே புதிய கதை பழையதன் மேல் படிந்தது. பழையதைச் சுரண்டி எடுக்கவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் பின்னொரு நாள் வந்தால் இரண்டு கதையையும் படிக்கலாம். உரிப்பொருளும் பெரிதாக மாறிவிடவில்லை. ஊருக்காக உயிர் கொடுத்தவனை வணங்கியவர்கள், ஊரைக் காக்கும் சாமியை வணங்குகிறார்கள்.

ஃபுளோரிடாவில் நடப்பது இதற்கு நேர்மாறு. யார் கண்ணுக்கும் புலப்படாத தடத்தையும் பொறியையும் மதிப்புள்ளவை என்று வைத்துக்கொள்கிறார்கள். கண்டவர் நெஞ்சில் நின்றது எதுவோ அதைப் பெயர்த்தெடுக்கிறார்கள். கல்லை எறிந்துவிட்டுப் பீடத்தை வைத்துக்கொள்வதைப் போன்றது இது. புதியதற்கு அடியில் பழையதைப் படிக்க வழியிருக்கிறதா என்பதே நம் அளவுகோல்.

அந்த வழியை அவர்கள் நினைத்தால் இப்போதும் அமைக்கலாம். அதற்கான வாய்ப்பு அவர்கள் தேர்ந்த நிலத்திலேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு. புதிய பகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் 'வெப்பமண்டல அமெரிக்கா' என்று பொருள்படுவது. கோயிலோ மாயா நாகரிகத்தின் கோயில். டைனோசர்களை முடித்துவைத்த விண்கல் விழுந்த இடம் எது? மெக்சிகோவின் யுகதான் தீபகற்பக் கரையிலுள்ள சிக்சுலுப். மாயா மக்கள் வாழ்ந்த அதே மண். புதைந்து கிடக்கும் அப்பெருங்குழியின் விளிம்பை ஒட்டி, சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான நீர்க்கிணறுகள் வளையமாக அமைந்திருக்கின்றன. அக்கிணறுகளை மாயா மக்கள் புனிதமாகப் போற்றினார்கள். டைனோசர்களின் இடுகாட்டு விளிம்பில் ஊறிய நீரை, அது இன்னதென்று அறியாமலே அவர்கள் வணங்கியிருக்கிறார்கள். வேடியப்பனுக்குப் பொங்கல் வைப்பவருக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

இண்டியானா ஜோன்ஸ் தொல்லியல் பேராசிரியர் அல்லவா? அந்தக் கோயிலுக்குள் ஒரு கிணற்றைக் காட்டி, அதன் சுவரில் கருகிய மண்ணடுக்கு ஒன்றைக் காட்டி, அடியில் ஓர் எலும்பின் நுனியைக் காட்டினால் போதும். முதற்பொருளாகிய நிலம் தன் பழைய துயரைத் தானே சொல்லிவிடும். அப்படிச் செய்தால் எதிர்க்கும் கட்சியாருக்கும் வாதம் ஒடுங்கும், நமக்கும்தான்.

இதெல்லாம் கடல் கடந்த கதை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாதபடி இரண்டு செய்திகள் குறுக்கே நிற்கின்றன. இருட்டில் வண்டியைத் துரத்திய கார்னோடாரஸ் அர்ஜென்டினாவில் கிடைத்தது. 1985இல் பெயர் பெற்றது. அதன் உறவு ஒன்று நம் நாட்டில் இருந்தது. 1980களில் குஜராத்தின் ராஹியோலியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் திரட்டிய எலும்புகளை ஆராய்ந்து 2003இல் 'ராஜசாரஸ்' என்று பெயரிட்டார்கள். தென்னமெரிக்காவும் இந்தியாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்ததன் சான்றாக இரண்டும் ஒரே குடும்பத்தில் நிற்கின்றன. மகாராட்டிரத்துக் கோபோலியில் 2013இல் திறந்த இமேஜிகா பூங்காவில் இவ்விலங்கின் பெயரால் ஒரு நீர்ச்சவாரியும் அமைத்தார்கள். வடக்கே உள்ளவர்களுக்கு அந்த அளவுக்காவது தம் மண்ணின் விலங்கைப் பெயர் சொல்லி அழைக்கத் தோன்றியது.

இரண்டாவது செய்தி நம்முடையது. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆராய்ந்து யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலாளர்கள் 1987இல் 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடலுடைய பல்லி என்று பொருள். அதன் கணைக்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். முதலில் கொன்றுண்ணி என்று கருதப்பட்டு, பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியாக இருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. உலகில் வாழ்ந்த மிகப்பெரிய நிலவிலங்குகளின் வரிசையில் வைத்துப் பேசப்படும் அது இன்று எங்கே? எலும்புகள் பொடிந்து சிதைந்துவிட்டன. எஞ்சியவை வரைபடங்களும் பழைய புகைப்படங்களும் அந்தக் கட்டுரையும்தான். ஏட்டுச்சுவடிகளைச் செல்லுக்கும் ஆற்றுக்கும் கொடுத்த வரலாற்றைக் கற்பிக்கும் நமக்கு இந்தக் கதையின் ஒலி புதிதன்று.

ஃபுளோரிடாவின் ரசிகர்கள் ஒரு பொம்மை கார்னோடாரஸுக்காக ஒன்றரை ஆண்டு வழக்காடினார்கள். உண்மையான பிருகத்காயோசாரஸ் நம் கையிலேயே பொடியானபோது தமிழ்நாட்டில் எந்த இரு கட்சியும் பிரிந்து சண்டையிடவில்லை. அவர்களை எள்ளி நகையாட நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நாம் யோசிக்க வேண்டும்.

வேப்பனப்பள்ளியைச் சுற்றியுள்ள பாறைகள், விலங்கு என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு முன்பே உருவானவை. இங்கே எவ்வளவு தோண்டினாலும் கருங்கல் கிடைக்கும், டைனோசர் கிடைக்காது. ஆகவே நம் பகுதி மாணவர்களுக்கு அந்தக் காலத்தின் வாசல் பெங்களூர்தான். விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தில் அசைந்து உறுமும் டைனோசர் உருவத்தின் முன் அவர்களை நிறுத்தும்போதெல்லாம் முதலில் ஒரு கூச்சலும் சிரிப்பும். பிறகு எப்படியும் ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "இது நம்ம ஊர்ல இருந்துச்சா ஐயா?" அரியலூரில் இருந்தது என்று சொன்னால் நம்புவதில்லை. சிமெண்டுக்குப் பேர்போன ஊர் அல்லவா அது என்கிறார்கள். அந்தச் சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல் அதே காலத்துக் கடலின் அடியில் படிந்தது என்று சொன்ன பிறகுதான் முகம் மாறுகிறது.

அரியலூருக்கு அருகே வாரணவாசியில் ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. நம் கல்லூரிகளின் தமிழ்த்துறைச் சுற்றுலாக்கள் கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் போகின்றன. வழியில் அரியலூரில் இறங்குவதில்லை. இராசேந்திரனுக்கு ஆயிரம் ஆண்டு என்று வியக்கும் மாணவனை, அங்கிருந்து சிறிது தொலைவில் ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய மண்ணின் மீதும் நிற்க வைக்கலாம். முதல், கரு, உரி மூன்றையும் வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, விலங்கு போய் நிலம் மட்டும் எஞ்சிய ஓரிடத்தில் நின்று சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகவே விளங்கும். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்குத் திட்டம் தீட்டும் ஆசிரிய நண்பர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.